கையெழுத்தும் கறையும்

ஒரு விளையாட்டுச் சட்டை. ஜெர்சி என்று சொல்கிறோமே, அதுதான். அதில் ஒரு வீரர் மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பக்கத்திலேயே அதே மாதிரி மை இழுபட்டுக் கறையாகிவிட்டது. கறை போக வேண்டும். கையெழுத்து போகக் கூடாது. என்ன செய்வது?

இது பணக்கார வீட்டுக் கவலை என்று நினைக்காதீர்கள். முன்பெல்லாம் கிரிக்கெட் என்றால் வெள்ளை உடை. உலகக் கோப்பையில் வண்ண உடை வந்தது 1992-ஆம் ஆண்டில்தான். 2008-இல் ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கின. 2014-இல் புரோ கபடி தொடங்கியது. அதன் பிறகு ஜெர்சி போடாத பையன் இல்லை என்று ஆகிவிட்டது. நடைபாதைக் கடையிலும் விற்கிறது. ஊரில் கபடிப் போட்டி நடக்கும். பழைய வீரர் ஒருவர் பரிசு கொடுக்க வருவார். பிள்ளைகள் சட்டையோடு போய் முதுகைக் காட்டி நிற்பார்கள். அவரும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அந்தச் சட்டை அதன் பிறகு சட்டை இல்லை. அது அந்தப் பையனின் சொத்து.

வீட்டில் துவைப்பவருக்கு அது தெரிய வேண்டுமே! முதுகில் கறுப்பாக ஏதோ கிறுக்கி இருக்கிறது என்று அவர் நன்றாகத் தேய்த்து விடுவார். நல்ல எண்ணத்தில்தான் தேய்ப்பார். பையன் இரண்டு நாள் சாப்பிட மாட்டான்.

ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கறையும் கையெழுத்தும் ஒரே மை. கறையைக் கரைக்கும் மருந்து கையெழுத்தையும் கரைக்கும். இது வீரர் எழுதியது, இது தவறிப் பட்டது என்று மருந்துக்குத் தெரியாது. ஆகவே எந்த மருந்து என்று தேடுவது மட்டும் போதாது. அந்த மருந்து கறையை விட்டு அப்பால் போகாமல் பிடித்து வைக்க வேண்டும். வேலையில் பெரிய பங்கு அதுதான்.

மையில் என்ன இருக்கிறது?

பெர்மனென்ட் மார்க்கர் என்றால் அழியாத மைப் பேனா என்று பொருள். அதன் மையில் மூன்று பொருள்கள் முக்கியம். ஒன்று நிறம். இரண்டு பிசின். மூன்று, இவை இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் திரவம். பெரும்பாலும் இந்தத் திரவம் ஸ்பிரிட் வகையைச் சேர்ந்தது. பேனாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் மணம் அதனுடையதுதான். மூடாமல் வைத்தால் திரவம் பறந்துவிடும். பேனா காய்ந்துபோகும்.

துணியில் எழுதும்போதும் இதுதான் நடக்கிறது. திரவம் சில நொடிகளில் பறந்துவிடுகிறது. பிசின் நூலில் ஒட்டிக்கொள்கிறது. நிறத்தையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. இந்தப் பிசின் தண்ணீரில் கரையாது. அதனால்தான் மழையில் நனைந்தாலும் எழுத்து போவதில்லை. நகப்பூச்சை நினைத்துப் பாருங்கள். எத்தனை பாத்திரம் விளக்கினாலும் தண்ணீரில் அது கரைவதில்லை. அதற்கு வேறு திரவம் வேண்டும். மார்க்கர் மைக்கும் அப்படியே. எந்த வகைத் திரவம் மையைக் கொண்டுவந்து துணியில் சேர்த்ததோ, அந்த வகைத் திரவம்தான் அதைத் திரும்ப எடுக்கும்.

எங்கள் மையத்தில் ஒரு நாள் மாலை இதைச் செய்து பார்த்தோம். ஒரு பழைய பருத்திப் பனியனைக் கிழித்தோம். கிழிந்த ஜெர்சித் துண்டு ஒன்றும் கிடைத்தது. இரண்டிலும் ஒரே மார்க்கரால் கோடுகள் போட்டுக் காயவைத்தோம். பிறகு ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தண்ணீர் ஒன்றும் செய்யவில்லை. சோப்பு நுரை லேசாகக் கறுத்தது, கோடு அப்படியே நின்றது. எலுமிச்சம் பழமும் உப்பும் போட்டால் போகும் என்று ஓர் அக்கா அடித்துச் சொன்னார். போகவில்லை. அது இரும்புத் துருக் கறைக்கு நல்லது, இதற்கு உதவாது. இன்னொருவர் பால் ஊற்றச் சொன்னார். பழைய நாளில் மைக்கூட்டு மைக்குச் செய்த வைத்தியம் அது. இங்கே பால்தான் வீண். பற்பசை வைத்துத் தேய்த்ததில் கோடு கொஞ்சம் மங்கியது. ஆனால் துணி நூல்நூலாகச் சிலிர்த்துக்கொண்டது.

கடைசியில் மருந்துக்கடை ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்தோம். ஊசி போடும் முன் நர்சம்மா தடவுவாரே, அந்த மாதிரி. வைத்தவுடன் கோடு இளகியது. அடியில் வைத்த வெள்ளைத் துணியில் கறுப்பு இறங்கியது. துணியை மாற்றி மாற்றி ஒற்றியதில் ஜெர்சித் துண்டில் இருந்த கோடு ஏறக்குறைய முழுதும் போய்விட்டது. பருத்தித் துண்டில் சாம்பல் நிற நிழல் ஒன்று தங்கிவிட்டது.

இன்னொன்றும் பார்த்தோம். ஜெர்சித் துண்டில் ஸ்பிரிட்டை ஒரே ஒரு சொட்டு விட்டோம். கண் மூடித் திறப்பதற்குள் அது ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய வட்டமாகப் பரவிவிட்டது. பக்கத்தில் இருந்த இன்னொரு கோடும் கலங்க ஆரம்பித்தது. கையெழுத்து பறிபோவது இப்படித்தான்.

அழியாத மை எல்லாம் ஒன்றா?

இல்லை. இது தெரியாமல் எல்லாக் கறைக்கும் ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கக் கூடாது. மார்க்கர் பேனா வருவதற்கு வெகு காலம் முன்பே நம் நாட்டில் துணியில் அழியாத குறி போட்டிருக்கிறார்கள். சலவைத் தொழிலாளர்கள் யார் வீட்டுத் துணி என்று தெரிய ஓரத்தில் ஒரு குறி போடுவார்கள் அல்லவா? அது சேங்கொட்டைச் சாறு. வடக்கே இதைப் பிலாவா என்பார்கள். சாற்றோடு சுண்ணாம்பு சேர்ந்தால் கறுத்துப் பிடித்துக்கொள்ளும். துணி நைந்து போகும், குறி போகாது. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம் வரும். பழகியவர்கள் கைதான் அதைத் தொடலாம்.

தேர்தலில் விரலில் வைக்கும் மை வேறு. 1962 பொதுத் தேர்தல் முதல் அது மைசூரில் உள்ள ஒரு கர்நாடக அரசு நிறுவனத்தில் தயாராகிறது. அதில் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பு இருக்கிறது. வெளிச்சம் பட்டதும் அது கறுத்துவிடும். தோல் உரிந்து, நகம் வளர்ந்து, விரலில் இருந்து மெல்ல மறையும். புடவையில் பட்டால்? புடவைக்கு நகம் வளராதே! ஓட்டுப் போட்டுவிட்டு விரலை முந்தானையில் துடைத்துவிடாதீர்கள். அந்தக் கறைக்கு ஸ்பிரிட் பலிக்காது.

பால்பாயின்ட் பேனா மைக்கு ஸ்பிரிட் நன்றாகப் பலிக்கும். பள்ளிச் சட்டைப் பையில் ஒழுகும் மை அதுதான். பிள்ளைகள் வண்ணம் தீட்டும் ஸ்கெட்ச் பேனாவோ பெரும்பாலும் தண்ணீர் மை. சோப்பே போதும்.

சட்டையைப் படியுங்கள்

ஜெர்சி பெரும்பாலும் பாலியஸ்டர். பெட்ரோலியத்தில் இருந்து கிடைக்கும் பொருள்களால் செய்த நூல் அது. மீரட்டில் தைத்தாலும் திருப்பூரில் தைத்தாலும் நூலின் குணம் ஒன்றுதான். பருத்தி நூல் ஈரத்தைக் குடிக்கும். பாலியஸ்டர் அவ்வளவாகக் குடிக்காது. அதனால் மை நூலின் மேலேயே நிற்கும். எடுப்பது சுலபம். எங்கள் ஜெர்சித் துண்டில் கோடு போனதற்கும், பனியனில் நிழல் தங்கியதற்கும் காரணம் இதுதான்.

ஆனால் ஜெர்சியில் ஒரு வேலைப்பாடு உண்டு. விளையாடும்போது வியர்வை ஒரே இடத்தில் தேங்கக் கூடாது. பரவிச் சீக்கிரம் காய வேண்டும். அதற்காகவே நூல்களுக்கு இடையில் நுண்ணிய சந்துகள் இருக்கும்படி நெய்திருக்கிறார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறது அல்லவா? அதுபோல் அந்தச் சந்துகளில் வியர்வை ஓடும். வியர்வை ஓடும் வழியில் ஸ்பிரிட்டும் ஓடும். விளையாட்டுக்கு நல்ல சட்டை, நம்முடைய இந்த வேலைக்குப் பொல்லாத சட்டை.

கழுத்தின் உள்பக்கமோ இடுப்புத் தையலிலோ ஒரு சிறு நாடா தைத்திருக்கும். அதைக் கத்தரித்து எறிந்துவிடாதீர்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் படங்களை நாம் எல்லோரும் படிக்கலாம். தொட்டி போன்ற படம் துவைப்பதைக் குறிக்கும். தொட்டிக்குள் ஒரு கை இருந்தால் கையால் மட்டும் துவைக்க வேண்டும். தொட்டிக்குள் 30 என்று இருந்தால் தண்ணீரின் சூடு 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. (கோடையில் நம் மாடித் தொட்டித் தண்ணீரே அதைவிடச் சூடாக இருக்கும். வாளியில் பிடித்து நிழலில் ஆறவிட்டுத் துவையுங்கள்.) முக்கோணத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் பிளீச்சிங் கூடவே கூடாது. இஸ்திரிப் பெட்டியில் ஒரே ஒரு புள்ளி இருந்தால் குறைந்த சூடு.

சட்டை எண்ணும் பெயரும் எப்படிப் பதிந்திருக்கின்றன என்று விரலால் தடவிப் பாருங்கள். துணியோடு துணியாக இருந்தால் சாயம் நூலுக்குள் ஏறியிருக்கிறது. ரப்பர் போல வழவழப்பாகத் தடித்திருந்தால் மேலே ஒட்டியது. ஒட்டிய எண்ணின் மேல் ஸ்பிரிட்டைக் கவனமாகத் தொட வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர் அங்கே வேண்டவே வேண்டாம். அதில் இருக்கும் அசிட்டோன் அந்தப் பூச்சைப் பிசுபிசுக்க வைத்துவிடும்.

எடுக்கும் முறை

முதலில் அளந்து பாருங்கள். கறைக்கும் கையெழுத்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு விரல் அகலம் இடம் இருக்கிறதா? இருந்தால் தொடங்கலாம். இல்லை என்றால் தொடாதீர்கள் என்பதே என் யோசனை. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்பிரிட், நாலைந்து வெள்ளைத் துணித் துண்டுகள், காது குடையும் பஞ்சுக் குச்சிகள், ஓர் அட்டை, ஒரு பாலித்தீன் பை. இவை போதும். சட்டை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரச் சட்டையில் ஸ்பிரிட் இன்னும் தூரம் ஓடும்.

சட்டையின் உள்பக்க ஓரத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், முதலில் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். பஞ்சில் சட்டையின் சாயம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏறவில்லை என்றால் மேலே போகலாம்.

சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். அட்டையைப் பாலித்தீனில் சுற்றி, முன்பக்கத்துக்கும் முதுகுக்கும் நடுவில் வையுங்கள். இல்லாவிட்டால் முதுகுக் கறை மார்பில் இறங்கும். அட்டையின் மேல் மடித்த வெள்ளைத் துணி. அந்தத் துணியின் மேல் கறை முகம் குப்புறப் படுத்திருக்க வேண்டும். நாம் துணியின் பின்பக்கத்தில் இருந்து ஒற்றப் போகிறோம். மை எந்தப் பக்கம் வழியாக ஏறியதோ அந்தப் பக்கமே இறங்கட்டும். மேலிருந்து ஒற்றினால் அதை இன்னும் உள்ளே தள்ளுகிறோம்.

பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தொட்டு, பாட்டில் வாயில் அழுத்தி வழித்துவிடுங்கள். சொட்டக் கூடாது. ஈரமாக இருந்தால் போதும். கறையின் ஓரத்தில் வைத்து அழுத்துங்கள். ஐந்து வரை எண்ணி எடுங்கள். தேய்க்காதீர்கள். ஓரத்தில் இருந்து நடுவை நோக்கிப் போக வேண்டும். நடுவில் தொடங்கினால் கறை அகலமாகும்.

கையெழுத்து இருக்கும் பக்கத்தில் ஒரு வேலை உண்டு. வயலில் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் வரப்புப் போடுகிறோமே, அதுதான். உலர்ந்த பஞ்சை நீளமாகத் திரித்து, கறைக்கும் கையெழுத்துக்கும் நடுவில் வைத்து இன்னொருவரை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அடியிலும் அதே இடத்தில் உலர்ந்த துணி இருக்கட்டும். ஓடிவரும் ஸ்பிரிட்டை அந்தப் பஞ்சு குடித்துவிடும். பஞ்சு ஈரமானால் உடனே மாற்ற வேண்டும். ஆள் துணை இல்லாமல் இதைச் செய்வது கடினம். வீட்டில் பொறுமையான பிள்ளை ஒன்று இருந்தால் பிடிக்கச் சொல்லலாம். சட்டைக்காரப் பையனே சரியான ஆள். அவனைவிடக் கவனமாக யார் பிடிப்பார்கள்?

ஒவ்வொரு முறையும் அடித் துணியைச் சுத்தமான இடத்துக்கு நகர்த்துங்கள். மை ஏறிய இடத்திலேயே வைத்து ஒற்றினால் மை திரும்பச் சட்டைக்கே வரும். நாலைந்து முறை ஒற்றியதும் பத்து நிமிடம் காயவிடுங்கள். பிறகு மறுபடி. அவசரப்பட்டால் ஸ்பிரிட் சேர்ந்து சேர்ந்து வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு விரல் நீளக் கோட்டுக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

கடைப் பாட்டில் கிடைக்கவில்லையா? 2020-இல் கொரோனா வந்தபோது வீட்டுக்கு வீடு வாங்கிய சானிடைசர் இருக்கும். கெட்டியான ஜெல் வகை சானிடைசரும் ஸ்பிரிட்தான். கெட்டியாக இருப்பதால் அவ்வளவு வேகமாக ஓடாது. சின்னக் கறைக்கு அது வசதி என்றுகூடச் சொல்வேன். ஆனால் பிசுக்கு தங்கும். பிறகு சோப்பு நீரால் ஒற்றி எடுக்க வேண்டும்.

இனி மை வரவில்லை என்று ஆனதும், அந்த இடத்தை மட்டும் சோப்பு நீரால் ஒற்றி, பிறகு நல்ல தண்ணீரால் ஒற்றி, நிழலில் காயப்போடுங்கள். கறை முழுதும் போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்டால் மிச்ச நிறம் நூலில் பதிந்துகொள்ளும். சில கறுப்பு மையில் நிறமாகக் கரித்தூள் சேர்த்திருப்பார்கள். பிசின் கரைந்தாலும் அந்தத் தூள் கரையாது. அப்போது மங்கலான சாம்பல் நிழல் நிற்கும். அதோடு போராட வேண்டாம்.

கறை கையெழுத்தை ஒட்டியே இருந்தால்? மேலேயே ஏறியிருந்தால்? விட்டுவிடுங்கள். கறையோடு இருந்தாலும் அது கையெழுத்துதான். பாதி கரைந்தால் அது எதுவுமே இல்லை. கரைந்த இடத்தில் நாமே மார்க்கரால் இழுத்துச் சரிசெய்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். நீங்கள் வங்கிப் படிவத்தில் போட்ட கையெழுத்தின் மேல் வேறொருவர் எழுதினால் அது உங்கள் கையெழுத்தா? கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்களுக்குத் தனியாக ஒரு சொல். துணிக் கூடையில் எழுத்து உள்ள சட்டை வந்தால் தனியே எடுத்து வையுங்கள். "இதைத் துவைக்கலாமா, எழுத்து இருக்க வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். கெட்டுப்போனால் பழியும் உங்கள் மேல், சம்பளத்தில் பிடித்தமும் உங்களுக்கு. கையெழுத்தே வேண்டாம், சட்டையைப் போட வேண்டும் என்று அவர்கள் சொன்னால் வேலை சுலபம். வரப்பு வேண்டாம். மற்றதெல்லாம் மேலே சொன்ன முறைதான்.

தீயும் நஞ்சும்

ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். திரவம் மட்டும் அல்ல, அதில் இருந்து எழும் ஆவியும் பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி, பீடி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சன்னலைத் திறந்து வையுங்கள். வாசல் திண்ணை இன்னும் நல்லது. ஈரம் காயாத சட்டையைத் துவைக்கும் இயந்திரத்தில் போடாதீர்கள். மை ஏறிய துணித் துண்டுகளையும் வெளியில் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

மிச்ச ஸ்பிரிட்டைச் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிட்டால்? பெயின்ட் கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் மெத்தனால் இருக்கலாம். அது கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். வாங்கிய பாட்டிலிலேயே வையுங்கள். அதன் மேல் "குடிக்கக் கூடாது" என்று உங்கள் கையாலேயே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஸ்பிரிட்டோடு பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் வேகமாகப் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கெட்ட ஆவி உண்டாகும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை கழுவும் ஆசிட்டையும் சேர்ப்பது அதைவிட மோசம். குளோரின் வாயு கிளம்பி நெஞ்சை அடைக்கும்.

கறையே வராமல்

பெரும்பாலான கறைகள் கையெழுத்து வாங்கும் அந்த நிமிடத்திலேயே வருகின்றன. கூட்டம், தள்ளுமுள்ளு, அவசரம். முதுகில் எழுதும்போது மை ஊடுருவி மார்புப் பக்கத்தில் இறங்கும். சட்டையை மாட்டிக்கொண்டு நின்றால் தோலிலும் பனியனிலும் இறங்கும். எழுதியதும் மடித்துப் பையில் வைத்தால் எதிர்ப்பக்கத்தில் எழுத்து தலைகீழாகப் பதியும்.

பிள்ளை கையெழுத்து வாங்கப் போகிறான் என்றால் பழைய நோட்டு அட்டை ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். சட்டையைக் கழற்றி, அட்டையை உள்ளே நுழைத்து, துணியை இழுத்துப் பிடித்து நீட்டட்டும். வெளிர் நிறமான இடத்தைக் காட்டட்டும். கரு நீலத்தில் கறுப்பு மை தெரியாது. எழுதியதும் அட்டையை எடுக்காமல், மடிக்காமல், கையிலேயே ஐந்து நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த சட்டையைத் துவைக்காமல் வைப்பதே நல்லது. சோப்பும் உராய்வும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எழுத்தைத் தின்னும். துவைத்தே ஆக வேண்டும் என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த சோப்பு நீரில் கசக்காமல் அலசி, நிழலில் காயப்போடுங்கள். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுபவர்கள் வெயில் விழும் சுவரை விட்டுவிடுங்கள். வெயிலில் மை நாளுக்கு நாள் வெளுக்கும். பெட்டியில் வைப்பதானால் எழுத்தின் மேல் ஒரு பழைய பருத்தித் துணியைப் பரப்பி, அதற்கு மேல் மடியுங்கள். எழுத்து இருக்கும் இடத்தில் மடிப்பு விழ வேண்டாம்.